கிளியரன்ஸ் வராத அக்டோபர்: மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனின் வெளிநாட்டுக் கூடைப்பந்து ஆண்டுகள்

மதுரை ரேஸ்கோர்ஸ் பக்கம் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கமும் மண்டல பாஸ்போர்ட் அலுவலகமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஒன்றில் வளர்ந்து, இன்னொன்றின் முத்திரையோடு வெளிநாடு போன பையனைப் பற்றியது இந்த ஆய்வு. ஆனால் அவன் தொழிலைத் திருப்பிப்போட்ட காரியம் இந்த இரண்டு இடத்திலும் நடக்கவில்லை. அவன் அனுப்பாமல் விட்ட ஒரு மின்னஞ்சலில் நடந்தது.

நான் தொழிலால் ஆடிட்டர். கல்லூரி அணியில் மூன்று வருஷம் பெஞ்சைத் தேய்த்ததைத் தவிர எனக்கு இந்த ஆட்டத்தில் வேறு தகுதி கிடையாது. பையனின் அப்பா, டிப்பர் லாரி ஓட்டுகிறவர், ஓர் அக்டோபர் மாலையில் ஜவுளிக்கடைப் பை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார். உள்ளே ஒப்பந்தம், விமானச் சீட்டுகள், வாட்ஸப் உரையாடல்களின் பிரிண்ட் அவுட், ஒரு பதக்கம். பதக்கம் எதற்கு என்று கேட்டேன். “அதுவும் அதுலதான் சார் கெடந்துச்சு” என்றார். பையனும் அப்பாவும் சம்மதித்ததால்தான் எழுதுகிறேன். பெயரும் அடையாளமும் தவிர்த்திருக்கிறேன். கிளப்பின் பெயரும் நாட்டின் பெயரும் இங்கே தேவையில்லை.

ஊரில் இருந்த வழி

பையன் உயரம் 6 அடி 6 அங்குலம். எட்டாம் வகுப்பிலேயே பேருந்தில் தலை குனிந்து நிற்பானாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியில் இடம் கிடைத்தது; அங்கிருந்து சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கட்டணமில்லாச் சீட்டு. நம் பக்கத்தில் உயரமான பிள்ளைக்கு இது வழக்கமான தடம். தடத்தின் முடிவில் இருப்பது கோப்பையல்ல, வேலை. ரயில்வே, வங்கி, வருமான வரி, மின்வாரியம், போலீஸ். மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு வேறு. தமிழ்நாட்டில் கூடைப்பந்து ஆடுகிற ஒருவனிடம் “எங்கே ஆடுற?” என்று கேட்டால், எந்த அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறாய் என்று அர்த்தம்.

இதன் சந்தை எது என்று கேட்டால் மே மாதம் பெரியகுளம் போய்ப் பார்க்க வேண்டும். பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவு சுழற்கோப்பைக்கு ஐஓபி, இந்தியன் வங்கி, ராணுவம், கடற்படை, கேரள மின்வாரியம் என்று பல ஊர் அணிகளும் வந்திருக்கின்றன. விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம். சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கும். ஆட்டத்தைவிட ஓரத்தில் நடக்கும் பேச்சு முக்கியம். எந்த அணிக்கு எந்த வருஷம் ஆள் எடுக்கிறார்கள், எவருக்கு வயது தாண்டப் போகிறது, எவன் கெஸ்ட் பிளேயராக எவ்வளவுக்கு ஆடுகிறான் என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சில் தெரிந்துவிடும். அப்படி ஒரு பேச்சில் நம் பையனையும் ஒரு பொதுத்துறை அணி கேட்டது. முதலில் உதவித்தொகையில் ஆடு, ஆளெடுக்கும்போது பார்க்கலாம் என்றார்கள். “பார்க்கலாம்” என்ற சொல்லுக்கு நம் ஊரில் எத்தனை வருஷம் நீளம் என்று அவனுக்கும் தெரியும்.

அந்த வாரமே இன்ஸ்டாகிராமில் ஓர் ஏஜெண்ட் பேசினார். ஆறு மாதம், மாதம் 1,500 டாலர், வீடு, போக வர டிக்கெட். பையன் யாரையும் கேட்கவில்லை. அப்பாவிடம்கூட விசா வந்த பிறகுதான் சொன்னான்.

போனது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். 22 வயதில் அந்தத் தாளைப் பார்த்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

போஸ்ட் ஆள் வெளியே வந்தால்

அங்கே போன முதல் வாரத்தில் அவனுக்கு விழுந்த அடி ஆட்டத்தில்தான். இங்கே 6 அடி 6 அங்குலம் என்றால் போஸ்ட். கூடைக்குக் கீழே முதுகைக் காட்டி நின்று, பந்தை வாங்கி, திரும்பிப் போடுவதே வேலை. பள்ளியிலிருந்து அவனை யாரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே விட்டதில்லை. வெளிநாட்டு லீக்கில் கூடைக்குக் கீழே நிற்கிறவன் 6 அடி 10. அங்கே நம் பையன் அளவு ஆள் வெளியே ஓடவேண்டும், 6.75 மீட்டரிலிருந்து போடவேண்டும், பந்தைத் தட்டிக்கொண்டு வரும் குட்டை ஆட்களான கார்டுகளையும் பெரிய ஆட்களையும் மாற்றி மாற்றிப் பிடிக்கவேண்டும். பத்து வருஷம் ஒரு வேலை கற்றுக்கொண்டு போய், நிற்பது இன்னொரு வேலைக்கான வரிசையில்.

அது போதாதென்று, அவன் அங்கே ‘இம்போர்ட்’. பல லீக்குகளில் ஓர் அணிக்கு வெளிநாட்டு ஆள் இரண்டு மூன்று பேர்தான். அந்த இடங்களை நிரப்புவது பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடி வெளியே வந்தவர்கள். உள்ளூர்ப் பையன் ஐந்து புள்ளி எடுத்தால் கைதட்டல், இம்போர்ட் பதினைந்து எடுத்தால் “ஏன் இருபது இல்லை?” என்று கேள்வி. பாஸ்போர்ட்டும் இங்கே ஆட்டத் திறன் மாதிரிதான் எண்ணப்படுகிறது. ஜப்பானின் பி.லீக் 2020இல் ஆசிய வீரர்களுக்குத் தனி இடம் திறந்தபோது பிலிப்பைன்ஸ், சீனா, கொரியா, தைவான், இந்தோனேசியா பட்டியலில் இருந்தன. இந்தியா இல்லை. ஒரு பிலிப்பைன்ஸ் பையனுக்கு அன்று அங்கே திறந்த கதவு நம் பையனுக்குச் சுவராக இருந்தது.

இரண்டு பக்க ஒப்பந்தம்

பையிலிருந்த தாள்களில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இந்த இரண்டு பக்கம்தான்.

முதல் குறை மருத்துவப் பரிசோதனை. ‘பரிசோதனையில் தேறிய நாளிலிருந்து ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்’ என்று இருந்தது. எத்தனை நாளுக்குள் பரிசோதனை என்று இல்லை. வழக்கமான ஒப்பந்தங்களில், வந்து இறங்கி இரண்டு மூன்று நாளுக்குள் கிளப் பரிசோதிக்கவேண்டும், தவறினால் தேறியதாகவே கொள்ளப்படும் என்று எழுதுவார்கள். இவன் செப்டம்பர் 20 கிளம்பினான். பரிசோதனை அக்டோபர் 9. இடையில் பத்தொன்பது நாள் இரண்டு வேளைப் பயிற்சி, மூன்று நட்பு ஆட்டம். பிடிக்காவிட்டால் “முழங்கால் சரியில்லை” என்று செலவில்லாமல் திருப்பி அனுப்பியிருப்பார்கள். சோதனை ஆட்டத்தை ஓசியில் பார்த்துக்கொண்டார்கள் என்பதே இதன் நேரடிப் பொருள்.

இரண்டாவது, சம்பளம் தாமதமானால் என்ன என்பது. ஒரு வரியும் இல்லை. ஊதியம் இத்தனை நாள் தாமதமானால் வீரர் பயிற்சிக்கு வராமல் இருக்கலாம், இத்தனை நாள் தாண்டினால் எழுத்தில் அறிவித்துவிட்டு ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்ற இரண்டு வாக்கியம் போதும். இந்தத் தொழிலில் ஒருவனுக்கு அவன் கைகளுக்கு அடுத்த ஆயுதம் அதுதான்.

மூன்றாவது, வழக்கு எங்கே என்பது. கூடைப்பந்துக்கென்றே பன்னாட்டுச் சம்மேளனமான ஃபிபா 2007இல் ஒரு நடுவர் மன்றம் ஏற்படுத்தியது. இன்று அதன் பெயர் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயம், இருக்கை ஜெனீவா. ஒரே நடுவர், நியாயம் எது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பை மதிக்காத கிளப் புது வீரர்களைப் பதிவு செய்யமுடியாதபடி ஃபிபா தடுக்கலாம். சம்பளம் பாக்கி வைக்கும் கிளப்புகள் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் ஒப்பந்தத்தில் இந்த மன்றத்தைக் குறிப்பிட்டிருந்தால்தான் கதவு திறக்கும். இவன் தாளில் ‘உள்ளூர்ச் சம்மேளனக் குழு முடிவே இறுதி’ என்று இருந்தது. குறிப்பிட்டிருந்தாலும், தொடக்கக் கட்டணமே நான்கு இலக்க யூரோ, திரும்பக் கிடைக்காது. எதிர்த்தரப்பு தன் பங்குச் செலவைக் கட்டாவிட்டால் அதையும் நாமே கட்டவேண்டும். 1,500 டாலர் சம்பளக்காரனுக்கு அந்த வாசல் கொஞ்சம் உயரம்.

நான்காவதை நானே முதல் வாசிப்பில் தவறவிட்டேன். கடைசிப் பத்தியில், அடுத்த பருவத்துக்கும் அவனை வைத்துக்கொள்ளும் உரிமை கிளப்புக்கு மட்டும். மே 31க்குள் மின்னஞ்சலில் சொன்னால் போதும்.

இந்த இடத்தில் ஒரு விலகல். நம் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் பத்தாவது முடிக்காமல் வளைகுடா போகிறார் என்றால், அவர் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்றிருக்கும். பதிவு பெற்ற ஏஜெண்ட், இணையப் பதிவு, 10 லட்ச ரூபாய் காப்பீடு எல்லாம் அவருக்குக் கட்டாயம். அந்த ஏற்பாட்டில் ஓட்டைகள் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏற்பாடு என்று ஒன்று இருக்கிறது. பட்டம் வாங்கிய நம் பையனுக்கு அனுமதி தேவையில்லை. ஆகவே அந்தப் பாதுகாப்பில் எதுவும் கட்டாயமில்லை. அவனை அனுப்பியவர் ஃபிபா உரிமம் பெற்ற ஏஜெண்டா என்று யாரும் கேட்கவில்லை. உரிமம் உள்ளவர் என்றால் வழக்கமாக ஒப்பந்தத் தொகையில் பத்து சதவீதம் வாங்குவார். அதையும் ஐரோப்பாவில் பெரும்பாலும் கிளப்பே கொடுத்துவிடும். இவரோ பையனிடமே முதல் மாதச் சம்பளத்தை வாங்கியிருந்தார். படித்தவனுக்குக் காவல் வேண்டாம் என்று யார் முடிவு செய்தார்களோ!

மார்ச் 21 இரவு

மூன்று மாதச் சம்பளம் வந்தது. ஜனவரியிலிருந்து நின்றது. மேலாளர் முதலில் “அடுத்த வாரம்” என்றார். பிறகு “ஸ்பான்சர் பணம் வரட்டும்” என்றார். பிறகு போனை எடுக்கவில்லை. அணியிலிருந்த ஓர் அமெரிக்கர் பிப்ரவரியில் தன் ஏஜெண்ட் மூலம் இரண்டு அறிவிப்புக் கடிதம் அனுப்பி, காலக்கெடு முடிந்ததும் முறையாக வெளியேறி, பத்து நாளில் வேறு நாட்டில் ஆடிக்கொண்டிருந்தார். நம் பையன் அவரை வழியனுப்பிவிட்டு வந்து படுத்துக்கொண்டான்.

மார்ச்சில் வீட்டு வாடகையும் கட்டவில்லை என்று வீட்டுக்காரர் வந்து நின்றார். அன்றைக்கு இரவே, அப்பா கடன் வாங்கி எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் கிளம்பிவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை, எதுவும் எழுதவில்லை. “கோவம்ணே. அவெய்ங்ககிட்ட என்னத்த எழுதச் சொல்றீங்க?” என்று பிறகு என்னிடம் கேட்டான். பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

மார்ச் 22 காலை இந்தியாவில் இறங்கினான். என் தொழில் புத்தி உடனே நாளை எண்ணியது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 20 வரை 173 நாள், மார்ச் 22 முதல் 31 வரை 10 நாள், ஆக 183. அந்த நிதியாண்டில் 182 நாளைத் தொட்டுவிட்டதால் அவன் வருமான வரிக் கணக்கில் இந்தியாவில் வசிப்பவன். வெளிநாட்டுச் சம்பளமும், அங்கே திறந்த வங்கிக் கணக்கும் இங்கே காட்டப்படவேண்டும். இரண்டு நாள் கழித்து இறங்கியிருந்தால் வேண்டாம். வந்த தொகைக்கு வரி பெரிதாக இல்லைதான். ஆனால் இந்தத் தொழிலில் நாட்காட்டி எவ்வளவு பேசும் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

மே மாதக் கடைசியில் கிளப்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது: அடுத்த பருவத்துக்கான உரிமையைப் பயன்படுத்துகிறோம். அது ஸ்பேமில் கிடந்தது. அவன் அப்போது பெரியகுளத்தில் ஒரு கல்லூரி அணிக்குக் கெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தான்.

செப்டம்பரில் நல்ல காலம் பிறந்தது மாதிரி வேறொரு நாட்டுக் கிளப் கூப்பிட்டது. சம்பளம் முன்னதைவிட அதிகம். ஒரு நாட்டின் சம்மேளனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வீரருக்கு, ஆடிய நாட்டின் சம்மேளனம் கிளியரன்ஸ் கடிதம் கொடுக்கவேண்டும். மறுப்பதற்கு ஒரே காரணம்தான் ஏற்கப்படும்: அவர் இன்னும் அங்கே ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்பது. பழைய கிளப் அதைத்தான் சொன்னது. அவன் எழுத்தில் முடிக்காத ஒப்பந்தம் சட்டப்படி உயிரோடு இருந்தது. உயிரோடு இருந்ததால் உரிமையைப் பயன்படுத்தமுடிந்தது. சம்பளம் கொடுக்காதது எங்கும் பதிவாகவில்லை, சொல்லாமல் போனது மட்டும் பதிவாகியிருந்தது. மேலே முறையிடலாம். புதுக் கிளப் காத்திருக்கவேண்டுமே? லீக் தொடங்க எட்டு நாள் இருக்கும்போது இம்போர்ட் இடத்தைக் காலியாக வைக்க எந்தப் பயிற்சியாளருக்கும் பைத்தியமில்லை. அக்டோபர் முதல் வாரத்தில் அவன் இடத்தில் ஒரு செர்பியர் கையெழுத்துப் போட்டார்.

ஜவுளிக்கடைப் பை என் மேசைக்கு வந்தது அதற்குப் பிறகு.

நாங்கள் செய்தது

செய்தது சின்ன வேலை. வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸப்பில் மேலாளர் “அடுத்த வாரம்” என்று எழுதிய ஒவ்வொரு செய்தியும் தேதிவாரியாக, வீட்டுக்காரரின் வாடகைக் குறிப்பு எல்லாவற்றையும் கோத்துக் கிளப்புக்கும் சம்மேளனத்துக்கும் ஒரே மின்னஞ்சல். பாக்கி சுமார் 3,600 டாலர். ஆறு வாரம் பதில் இல்லை. பிறகு வந்த பதில் ஒரு பேரம்: பாக்கியைக் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், ஒப்பந்தம் இருவர் சம்மதத்தில் முடிந்தது என்று நாங்களும் எழுதித் தருகிறோம்.

நான் சண்டை போடலாம் என்றேன். அப்பா வேண்டாம் என்றார். அவர் கணக்கு என்னுடையதைவிடச் சரி: பருவத்தின் நடுவில் அடிபட்ட இம்போர்ட்டுகளுக்கு மாற்று ஆள் தேடும் மாதம் ஜனவரி, அதற்குள் காகிதம் கையில் இருக்கவேண்டும். டிசம்பரில் கையெழுத்தானது. உழைத்த கூலியைக் கொடுத்து, கிளியரன்ஸை வாங்கினோம்.

மற்றவர்களின் தடங்கள்

இந்த வழக்கை எடுத்துவைத்து யோசிக்கும்போது, பொதுவெளியில் தெரிந்த சிலரின் பயணங்கள் நினைவுக்கு வந்தன. கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் தென்னக ரயில்வே ஆட்டக்காரர். அவர் 2006 முதல் சில பருவங்கள் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸுக்கு ஆடினார், 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக் அணிகளின் தேர்வுக்கும் போனார். பின்னால் ஒரு வேலை நிற்கும்போது வெளிநாட்டு ஒப்பந்தத்தில் பேரம் பேசும் குரலே வேறு. பஞ்சாபின் அம்ரித்பால் சிங் 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸுக்குப் போனார். அம்ஜ்யோத் சிங் ஜப்பானில் ஆடி, அதே 2017இல் அமெரிக்காவின் தலையாய லீக்கான என்பிஏவின் துணை லீக்கில் ஆடும் ஒக்லஹோமா சிட்டி ப்ளூவுக்குத் தேர்வானார். இருவரும் இந்திய அணியில் நிலைபெற்ற பிறகு போனவர்கள்.

சத்னாம் சிங்கை எல்லோருக்கும் தெரியும். என்பிஏ அணிகள் வரிசையாகப் புது ஆட்களை எடுக்கும் தேர்வில், 2015இல் 52ஆவது ஆளாக டல்லாஸ் மாவரிக்ஸ் எடுத்தது. அந்தத் தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர். என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமல், துணை லீக், இந்திய லீக், கனடா என்று அலைந்து, ஊக்கமருந்துத் தடைக்குப் பிறகு மல்யுத்த மேடைக்குப் போனார். நம் ஊர்ப் பெற்றோர் பார்ப்பது 2015ஆம் ஆண்டுப் படத்தை மட்டும்தான்.

நேர் எதிர் உதாரணம் நிக் ஃபஸேகஸ் என்ற அமெரிக்கர். அவரையும் அதே டல்லாஸ்தான் 2007இல் 34ஆவதாக எடுத்தது. என்பிஏ நிலைக்கவில்லை. ஐரோப்பா, பிலிப்பைன்ஸ் என்று சுற்றிவிட்டு 2012இல் ஜப்பானில் கவாசாகி அணிக்கு வந்தவர் அங்கேயே நின்றார். 2018இல் ஜப்பான் குடியுரிமை, 2019இல் ஜப்பானுக்காக உலகக் கோப்பை. ஊர் ஊராகப் போய் ஆடுகிறவனுக்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது என்பேன்: ஒரு நாள் சூட்கேஸைப் பரணில் போடுவது. ஆனால் அவர் ஏறக்குறைய 6 அடி 11 அங்குலம். வெளியிலிருந்தும் போடுவார்.

பிறகு

ஜனவரியில் எதிர்பார்த்த மாதிரியே ஒரு மாற்று ஆள் இடம் வந்தது. ஏழு வாரம். ஒவ்வொரு முதல் தேதியும் பணம் வந்தது. அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை, குளிர் என்பதைத் தவிர. கடைசி ஆட்டத்தில் இடது கை நடுவிரல் முறிந்தது. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் எக்ஸ்ரே எடுத்ததால் செலவு அவனுடையது. அந்த விரல் இன்னும் முழுதாக நீளவில்லை. அடுத்த பருவம் இன்னொரு நாடு. இரண்டே ஆட்டத்தில் அணியிலிருந்து வெட்டிவிட்டார்கள். இந்த முறை ஒப்பந்தத்தில் ஒரு மாத ஈட்டுத்தொகை இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தான்.

இடையில் அந்தப் பொதுத்துறை அணி ஆளெடுத்தது. அவனோடு விடுதியில் இருந்த, அவனைவிட நான்கு அங்குலம் குட்டையான ஒருவன் இப்போது நிரந்தர ஊழியன். திருமணமும் ஆகிவிட்டது. பையன் போய் மொய் வைத்துவிட்டு வந்தான். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. காலை ஐந்தரைக்கு ரேஸ்கோர்ஸ் கோர்ட்டில் கோட்டுக்கு வெளியே நின்று தினம் முந்நூறு பந்து போடுகிறான் என்று மட்டும் தெரியும். போஸ்ட் ஆளின் கையை இருபத்தாறு வயதில் வெளியாளின் கையாக மாற்றுவது லேசில்லை. பார்த்தவரை, பாதி மாறியிருக்கிறது.

போன வாரம் அப்பாவும் அவனும் சேர்ந்து வந்தார்கள். புது ஒப்பந்தம், நான்கு பக்கம். நான் பென்சிலை எடுப்பதற்கு முன்பே ஓரங்களில் அவன் கோடு போட்டிருந்தான். பரிசோதனை 72 மணி நேரத்துக்குள். சம்பளம் பதினைந்து நாள் தாண்டினால் எழுத்தில் அறிவிப்பு. வழக்கு ஜெனீவாவில். கிளப்புக்கு மட்டும் உரிமை என்ற பத்தியை அடிக்கச் சொல்லி அவனே எழுதி, அவர்களும் அடித்துவிட்டார்கள். திரும்பும் டிக்கெட்டின் தேதி மட்டும் காலியாக இருந்தது. அதை நிரப்பி வாங்கச் சொன்னேன். ஏப்ரல் 1க்குப் பிறகு என்றேன்.

அப்பா நான்கு பக்கத்தையும் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சாப்பாடு அவெய்ங்க போடுவாய்ங்களா, இவனே ஆக்கிக்கிரணுமா?”

“ஏழாவதுல இருக்குப்பா” என்றான் பையன். “வீட்டுல அடுப்பு தர்றாய்ங்க.”